டிக் டிக் நெஞ்சுக்கு ஒரு ஸ்பீக்கர்

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் எங்கள் ஆட்களுக்குள் பலர் இருக்கிறார்கள். நெஞ்சை எங்கே வெட்டுவார்கள், எப்போது எழுந்து நடக்கலாம், எப்போது கார் ஓட்டலாம் என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லுவார்கள். எல்லாம் முடிந்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் என்ன கேட்கும் என்று மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தாதி ஒருத்தி சொன்னாள்; அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த நாட்களில் நான் பட்ட பொறாமையை யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும். வெட்டிய காயத்தைவிட அதுதான் என்னை அதிகம் எரித்தது.

முதலில் என் நித்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு டவுன்ஹவுஸில் நானும் மனைவி கலாவும் மகள் ஆரணியும் இருக்கிறோம். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு மாறி மாறி ஷிப்ட். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே நித்திரை கொள்வேன். தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் இரைந்துகொண்டிருக்க, மேசையில் தலையை வைத்தால் போதும். பசி ருசி அறியாது, நித்திரை பாய் அறியாது என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கலா நேர்மாறு. கலியாணம் முடித்த நாளிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவள். குழாயில் ஒரு சொட்டு விழுந்தாலும் எழும்பி உட்கார்ந்துவிடுவாள். என்னைப் பற்றி அவள் முறையிடாத சொந்தக்காரர் இல்லை.

“இவருக்குத் தலையணையைக் கண்டாக் காணும். குறட்டை தொடங்கீடும். நான் விடிய விடியக் காவல்,” என்பாள்.

அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

நோய் மெதுவாகத்தான் வந்தது. பேஸ்மென்டிலிருந்து உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மூச்சு வாங்கியது. சோற்றைக் குறைத்தேன். பிறகும் வாங்கியது. ஒரு நாள் வீட்டு வாசலில் பனி அள்ளும்போது கண் இருட்டி, சவல் மண்வெட்டியைப் பிடித்தபடியே பனிக்குள் உட்கார்ந்துவிட்டேன். குடும்ப வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அந்த இரண்டாம் முறை வைத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

எக்கோ என்ற சோதனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பிணிகளுக்குப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கான் மாதிரித்தான், இதை நெஞ்சின்மேல் வைத்து இதயத்தைப் பார்க்கிறார்கள். முடிவை எங்களுக்கு விளங்கும்படி சொன்னார்கள். இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் இரத்தம் போகிற வாசலில் ஒரு கதவு இருக்கிறது; அதுதான் அயோர்ட்டிக் வால்வு. என்னுடையதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. கதவு கொஞ்சம்தான் திறக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியால் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போகிறது. மாற்றாவிட்டால் ஒரு நாள் நின்றுவிடும். நித்திரையில்கூட நிற்கலாம்.

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கவே வேண்டாம். சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த வாரங்களில் நான் வழக்கம்போல நித்திரை கொண்டேன். கலா என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்த விரல். ஒவ்வொரு முறையும் நான் திடுக்கிட்டு எழும்பி அவளைப் பேசுவேன்.

“மூச்சு வருதோ எண்டு பாத்தனான், படுங்கோ,” என்பாள்.

சத்திரசிகிச்சை நிபுணர் எங்கள் வயதுப் பெண்மணி. மேசையில் இரண்டு வால்வுகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, மோதிரம் போல, நடுவில் இரண்டு சின்னத் தகடுகள். அது தேயாது. ஆனால் அதில் இரத்தம் கட்டிபடாமல் இருக்க உயிருள்ள நாள் முழுவதும் வார்ஃபரின் என்ற குளிசை எடுக்க வேண்டும். மற்றது வெள்ளை, துணியில் தைத்தது போல இருந்தது. மிருகத்தின் திசுவில் செய்தது. காலம் முழுவதும் அந்தக் குளிசை தேவைப்படாமல் போகலாம். ஆனால் வருடங்கள் போகத் தேயும். தேய்ந்தால் மறுபடி மாற்ற வேண்டும். என் வயதுக்கு இரண்டும் பொருந்தும் என்றும், நானே யோசித்துச் சொல்லலாம் என்றும் சொன்னார். ஆரணி எனக்கு மொழிபெயர்த்தாள்.

“என்ன மிருகம் எண்டு கேள்,” என்றேன்.

மாடு. இல்லாவிட்டால் பன்றி.

கலா என்னைப் பார்த்தாள். நான் பெரிய பக்திமான் இல்லை. வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் கோழி, ஆடு, மீன், நண்டு ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் மாடு என் வாயில் பட்டதில்லை. வாயில் படாததை நெஞ்சுக்குள் தைக்கச் சொல்லுவதா?

“ஆட்டின்ரை இருக்கோ எண்டு கேள், பிள்ளை.”

“அப்பா! ப்ளீஸ். திஸ் இஸ் நொட் எ புச்சர் ஷொப்.”

“கேட்டா என்ன குறையப் போகுது?”

கேட்டாள். காதுகள் இரண்டும் சிவந்துபோயிருந்தன. அந்த அம்மையார் சிரிக்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி. ஆடு இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். நான் கறுப்பு வால்வைக் காட்டினேன்.

வெளியே வரும்போது தாதி ஒருத்தி, அமைதியான இடத்தில் இதன் சத்தம் சிலருக்குக் கேட்கும், சிலருக்கு அது தொந்தரவாக இருக்கும் என்று சொன்னாள். “எங்கடை வீட்டில மணிக்கூடு இருக்கு, பழகினதுதான்,” என்று நான் சொல்ல, ஆரணி அதை மொழிபெயர்க்கவில்லை.

சத்திரசிகிச்சை நாளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் அங்கே இல்லை. கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். நெஞ்செலும்பை நடுவால் பிளந்து கம்பியால் கட்டியிருந்தார்கள். இருமும்போது கட்டு விடாமல் இருக்க, இதய வடிவத்தில் ஒரு சிவப்புத் தலையணை தந்தார்கள். இருமல் வந்தால் அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும். பெரிய மனிதன் ஒருவன் பொம்மையைக் கட்டிப்பிடிப்பது போல நான் படுத்திருந்ததை ஆரணி படம் எடுத்து வைத்திருக்கிறாள். முதல் நாட்களில் சுற்றிவர மெஷின்கள் கீச்சிட்டுக்கொண்டே இருந்ததால் வேறு சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு இரண்டு கட்டில்கள் போட்ட அறைக்கு மாற்றினார்கள். அன்றிரவு கதவைச் சாத்தியதும் கேட்டது. டிக். டிக். டிக். டிக். மணியை அடித்துத் தாதியைக் கூப்பிட்டு, சுவர் மணிக்கூட்டைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் மணிக்கூடு இல்லை. என் நெஞ்சைக் காட்டினாள்.

மணிக்கூட்டைக் கழற்றலாம், பற்றரியை எடுக்கலாம், போர்வையால் மூடலாம். இதை என்ன செய்வது? நான் பயந்தால் அது வேகமாக அடித்தது. அது வேகமாக அடிப்பதைக் கேட்டு நான் இன்னும் பயந்தேன். நடுவில் ஒரு அடி தவறினால் அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் படுத்தபடியே விடியும்வரை முழித்திருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஞானசேகரம் அண்ணை. மட்டக்களப்பு ஆள், விட்பி நகரில் மகனோடு இருக்கிறார். எனக்குச் செய்த அதே சத்திரசிகிச்சைதான் அவருக்கும். அதே வெட்டு, அதே சிவப்புத் தலையணை, அதே உப்பில்லாத சூப். ஆனால் அவர் போட்டது வெள்ளை வால்வு. மாடு.

காலையில் திரையை விலக்கிவிட்டுக் கேட்டேன்.

“அண்ணை, நீங்கள் திருநீறு பூசுற ஆள். மாட்டைப் போட்டிருக்கிறீங்களே?”

“அதுக்கென்ன மனே? சின்ன வயசில இருந்து அதுர பாலைக் குடிச்சித்தானே வளர்ந்த. அப்பயும் தந்திச்சு, இப்பயும் தருகுது. கும்பிடுறதை நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் நித்திரை. குறட்டைகூட இல்லை. வாயில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மருமகள் சூப் கொண்டுவந்தால் எழும்புவார், குடிப்பார், “சரி பிள்ளை, போயிட்டு வா” என்பார், மறுபடி நித்திரை. இரத்த அழுத்தம் பார்க்க வந்தவள் கையில் பட்டியைச் சுற்றி இறுக்கும்போதும் நித்திரை. அந்த நெஞ்சுக்குள் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு அழகாக வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறது அந்த மாடு! ஆட்டைக் கேட்ட என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

பகலெல்லாம் நான் அவருடைய நித்திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு நாள் அவருக்கு இலேசாகக் காய்ச்சல் வந்தபோது, கலா திரைக்குப் பின்னால் எனக்குக் கேட்க மட்டும் சொன்னாள்:

“உங்கடை கண்ணூறு நாவூறுதான். பாவம் மனுசன். அங்காலை திரும்பிப் படுங்கோ.”

நெஞ்செலும்பு கட்டியிருப்பவனால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. நேரே கூரையைப் பார்த்துத்தான் படுக்க வேண்டும்.

ஆரணி தான் பாட்டுக் கேட்கும் காதுக் கருவியைக் கொண்டுவந்தாள். கம்பியில்லாத சின்னப் பட்டன்கள். வெளிச் சத்தத்தையெல்லாம் அடியோடு வெட்டிவிடும் என்றாள். ஆசையோடு மாட்டினேன். தாதிகளின் பேச்சு போனது, தள்ளுவண்டியின் கடகட போனது, ஏசியின் இரைச்சல் போனது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. டிக். டிக். முன்பு நெஞ்சுக்குள் கேட்டது இப்போது மண்டைக்குள் கேட்டது. கழற்றி எறியாத குறை.

பிறகுதான் இதை விளங்கிக்கொண்டேன். காதை அடைத்தால் உடம்புக்குள் எழும் சத்தம் வெளியே போக வழியில்லாமல் காதுக்குள்ளேயே பெரிதாகக் கேட்கும். விரலால் காதைப் பொத்திக்கொண்டு அப்பளம் கடித்துப் பாருங்கள், தெரியும். வால்வு சத்தத்துக்குக் காதை அடைக்கும் கருவி சரிவராது. காதைத் திறந்து விட்டு, அதன்மேல் வேறு சத்தம் ஒன்றைப் போர்த்த வேண்டும். கடையில் ஒருவரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது கலாவின் யோசனை. தமிழ் வானொலியைத் தொலைபேசியில் மெதுவாகப் போட்டுத் தலைமாட்டில் வைத்தாள். பாட்டு வந்தது, கொஞ்சம் கண் செருகியது. உடனே மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டவர்; அவர் இன்னாரின் பாசமிகு கணவர், இன்னாரின் மைத்துனர். நான் கண்ணை விழித்து, தெரிந்த ஆளா என்று கேட்டேன். தெரியாத ஆள். ஆனால் ‘மீளாத் துயில் கொண்டார்’ என்று வாசித்தார்களே, அந்த இடத்தில் நான் நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கொடுத்துவைத்த மனிதன், துயிலாவது கிடைத்ததே என்று நினைத்தேன். செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு வந்துவிட்டேன்.

வைத்தியரிடம் நித்திரைக் குளிசை கேட்டேன். இப்போது வேண்டாம் என்றார். இதைக் கழற்றிவிட்டு மாட்டையே போட முடியாதா என்று கேட்டேன். ஆரணி மொழிபெயர்க்கத் தயங்கினாள். நானே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னார். ஒரு சத்தத்துக்காக நெஞ்சை மறுபடி பிளக்க எந்த வைத்தியரும் சம்மதிக்கமாட்டார். நாளாக நாளாக மூளை பழகும். ஆனால் அதுவரை நித்திரையில்லாமல் இருந்தால் காயம் ஆறப் பிந்தும், இரத்த அழுத்தம் ஏறும், மனமும் விழும். எப்படியாவது நித்திரை கொள்ள ஒரு வழி பார்க்க வேண்டும்.

ஆக, வால்வு என்னைக் காப்பாற்றிவிட்டது. இனி வால்வின் சத்தத்திலிருந்து நான்தான் என்னைக் காப்பாற்ற வேண்டும். நித்திரை வராவிட்டால் நான் மறுபடி மனிதனாக எழும்பப் போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஞானசேகரம் அண்ணை எனக்கு முதலே வீட்டுக்குப் போனார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தார்.

“மனே, உன்ர மணிக்கூட்டுக்குப் பழகிட்டன். அது இல்லாம வீட்ட எப்பிடி நித்திரை வரப்போகுதோ தெரியா.”

திரைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது! நித்திரை கொண்டு வயிறெரிய வைத்தது போதாது என்று, போகும்போது பகிடியும் விடுகிறார் என்று நினைத்தேன். சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

வீட்டில் எல்லாம் எனக்காகக் காத்திருந்தன. கட்டிலில் தலைப்பக்கம் உயர்த்தித் தலையணைகள். உப்பில்லாத கறிகளுக்கு எலுமிச்சம்புளி விட்டுச் சமாளிக்கக் கலா பழகியிருந்தாள். கீரை கூடினால் வார்ஃபரினின் வேலை குறையும் என்பதால், வாரம் தவறாமல் ஒரே அளவு கீரையை ஒரே கிண்ணத்தில் அளந்து வைத்தாள். கனடாவில் சத்திரசிகிச்சைக்குப் பில் வராது, ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தியதற்கு வரும். அந்தத் துண்டுகளை என் கண்ணில் படாமல் ஒளித்தாள். இவ்வளவும் செய்தவள் ஒன்றை மட்டும் மறைக்கவில்லை. அவள் நித்திரை கொண்டாள்.

ஆம், கலா! குழாய்ச் சொட்டுக்கு எழும்புகிறவள். வந்து படுப்பாள், என் பக்கம் திரும்புவாள், “நோகுதோ?” என்று கேட்பாள். நான் இல்லை என்று சொல்ல முதல் மூச்சு மாறிவிடும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். விடியும்வரை அசையமாட்டாள். நான் ஒருவன் பக்கத்தில் டிக் டிக் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அண்ணையின் நித்திரையில் எனக்கு இருந்தது எரிச்சல். இது அதைவிட மோசம். இத்தனை வருடங்கள் என்னுடையதாக இருந்த சொத்தை இவள் எடுத்துக்கொண்டாள் என்று பட்டது. நான் பிழைத்தாயிற்று, இனி இவளுக்கு என்ன கவலை என்று நினைத்தேன். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தவள், இப்போது திரும்பியும் பார்ப்பதில்லை. ஒரு காலைச் சாப்பாட்டின்போது சொல்லியும் விட்டேன்:

“நீர் நல்லா நித்திரை கொள்ளுறீர். எனக்குத்தான் குடுத்துவைக்கேல்லை.”

“ஓமப்பா, இப்ப நல்லா வருது,” என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

“நான் பேஸ்மென்டில போய்ப் படுக்கிறன். ஏன் என்ரை சத்தத்தாலை உமக்கும் கரைச்சல்?”

சிரிப்பு நின்றது.

“அதெல்லாம் வேண்டாம். நீங்கள் இஞ்சைதான் படுக்க வேணும்,” என்றாள். குரலில் இருந்த வேகம் எனக்கு விளங்கவில்லை. படியேற விடமாட்டாள் போல என்று நினைத்தேன்.

அந்தக் காலைச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த ஆரணி ஒரு கருவியை வாங்கிவந்தாள். வட்டமான, பானையின் மூடி போன்ற ஒன்று. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துப் பொத்தானை அமத்தினால் அறை முழுவதும் சத்தம் நிறையும். மழை, கடல், ஆறு, காற்று, மின்விசிறி என்று பல சத்தங்கள் அதற்குள் இருந்தன. மழை பிடிக்கவில்லை, இடையிடையே சொட்டு விழுந்தது, அதுவும் டிக் மாதிரியே இருந்தது. கடல் அலை வந்து போகும் இடைவெளியில் நெஞ்சு தலை நீட்டியது. விசிறிச் சத்தம்தான் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இரைந்தது. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்குமே, அதே இரைச்சல். அதைக் கூட்டி வைத்தேன்.

டிக் போய்விட்டது. எங்கே என்று தேடினேன்; தேடும்போதே நித்திரையாகிவிட்டேன்.

விடிந்தபோது எனக்கு அழுகையே வந்தது. அடுத்த நாளும் நித்திரை, அதற்கு அடுத்த நாளும் நித்திரை. பசி வந்தது. படியேறினேன். ஆரணியிடம், “பிள்ளை, நீ எனக்குத் தாய்,” என்றேன். “ஓக்கே அப்பா, ரிலாக்ஸ்,” என்றாள். அண்ணையின் மாடும் வேண்டாம், யாருடைய ஆடும் வேண்டாம் என்று இருந்தது.

கலாவின் கண்களைக் கவனிக்க எனக்குச் சில நாட்கள் எடுத்தன. கீழே கருவளையம் விழுந்திருந்தது. தேநீரில் சீனியை இரண்டு தரம் போட்டாள். கேட்டால், வேலை கூட என்றாள். மளிகைக் கடையில் காசாளர் வேலை; கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வார்ஃபரின் எடுப்பவர்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். அதற்குத் தக்கபடி குளிசையைக் கூட்டிக் குறைப்பார்கள். எனக்கு இன்னும் கார் ஓட்ட அனுமதி இல்லாததால் அன்று காலை கலாதான் ஓட்டினாள். ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிறுத்தினாள். பச்சை விழுந்தது. கார் அசையவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அவள் நித்திரை.

“கலா!”

திடுக்கிட்டுக் காரை எடுத்தாள். என் நெஞ்சு மட்டும் காருக்குள் வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தது.

சோதனைக் கூடத்தின் காத்திருக்கும் அறையில் ஒரு சத்தமும் இல்லை. தொலைக்காட்சிகூடப் படம் மட்டும் காட்டியது. எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். கலா மெல்ல என் பக்கம் சாய்ந்தாள். தலையைத் தோளில் வைத்தாள். அது போதாமல் கொஞ்சம் கீழே, கோட்டின் திறந்த பக்கத்தில், காயத்துக்கு நோகாத இடமாகப் பார்த்துக் காதை வைத்தாள். அவ்வளவுதான். மூச்சு மாறியது, வாய் கொஞ்சம் திறந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவரை அனுப்பும்படி கையைக் காட்டினேன். மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் கையைக் காட்டினேன்.

திரும்பி வரும்போது, கார் தரிப்பிடத்தில் காரை எடுக்க விடாமல் திறப்பை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு கேட்டேன்.

“நீர் ராவில நித்திரை கொள்ளுறேல்லையோ?”

“அந்த மெஷின் வந்த நாளில இருந்து இல்லை.”

“சத்தம் கூடவோ? குறைச்சு விடலாமே.”

“சத்தம் பிரச்சினையில்லை. உங்கடை சத்தம் கேக்குதில்லை.”

“என்ரை சத்தமோ?”

“கலியாணம் முடிச்ச நாளில இருந்து உங்கடை குறட்டை நிண்டா நான் எழும்பி இருந்து பாக்கிறனான். பேந்து தொடங்கினாப் பிறகுதான் படுப்பன். வருத்தம் எண்டு சொன்னாப் பிறகு கண்ணே மூடேல்லை. மூக்கில கை வச்சா நீங்கள் பேசுவீங்கள். வால்வு போட்டாப் பிறகு அந்தக் கரைச்சல் இல்லை. தொட்டுப் பாக்கத் தேவையில்லை, எழும்பத் தேவையில்லை. கேட்டுக்கொண்டு கிடந்தாக் காணும். அது கேக்குமட்டும் நீங்கள் இருக்கிறீங்கள்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“எவ்வளவு நாளைக்குப் பிறகு நித்திரை கொள்ளுறீங்கள். எந்த வாயால மெஷினை நிப்பாட்டச் சொல்லுறது?”

ஞானசேகரம் அண்ணை சக்கர நாற்காலியில் இருந்து சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் பகிடி விடவில்லை. நான் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நித்திரைகளுக்கும் நான்தான் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மாலை ஆரணியிடம் நாங்கள் புதிதாக ஒன்றைக் கேட்டோம். எனக்குக் கேட்க வேண்டும், அம்மாவுக்குக் கேட்கக்கூடாது, காதை அடைக்கவும் கூடாது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யூ கைஸ் ஆர் சோ வியர்ட்,” என்றாள். பிறகு திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள்.

ரொட்டி அளவில், தட்டையாக ஒரு ஸ்பீக்கர் வந்தது. தலையணை உறைக்குள் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். தொலைபேசியிலிருந்து அதே விசிறிச் சத்தத்தை அதற்கு அனுப்பலாம். தலை வைத்தவருக்கு மட்டும் கேட்கும். வால்வு போட்டவர்கள் என்னிடம் கேட்டால் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். மேசையில் வைக்கும் மெஷினும் நல்ல மெஷின்தான், அறையில் தனியாகப் படுப்பவர்களுக்கு.

முதல் நாள் படுத்ததும் கலா கேட்டாள்.

“உங்களுக்கு மட்டும்தானே கேக்குது?”

“ஓம். உமக்கு?”

அவள் கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு உற்றுக் கேட்டாள். முகம் இளகியது. என் பக்கம் திரும்பி, “சரி, இனிப் படுங்கோ,” என்றாள். போர்வையை நான் சரியாக இழுத்துவிட முதல் அவளுக்கு மூச்சு மாறிவிட்டது.

என் தலைக்குக் கீழே விசிறி இரைந்துகொண்டிருந்தது. எனக்கு நித்திரை இன்னும் வரவில்லை. அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்தேன். அண்ணையைப் பார்த்தபோது எரிந்தது போல எரியவில்லை. ஆனாலும் பொறாமைதான், என் நெஞ்சு, நான் வலியெடுத்து வாங்கிப் போட்ட வால்வு, அதன் சுகம் முழுவதும் அவளுக்கு. அப்படி என்னதான் இதில் கேட்கிறாள் என்று இருந்தது. கையை நீட்டித் தொலைபேசியில் விசிறிச் சத்தத்தை ஒரு கட்டை குறைத்துவிட்டு, நானும் கேட்டுக்கொண்டு படுத்தேன்.